தகட்டை ஒட்டுவதற்கு முன் பாரத்தை இறக்குங்கள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமுள்ள ஒரு வீட்டுக்குப் போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். மேல்மாடி கட்டி, அதற்கும் மேலே 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி வைத்திருந்தார்கள். நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். கீழே, ஹோலில் மேல்தளத்தைத் தாங்கும் கொங்கிறீட் பீமின் நடுவில் வெடிப்பு. "பயமில்லைத் தம்பி, பாஸ் இரும்புத் தகடு அடிச்சிட்டார்" என்றார் வீட்டுக்கார ஐயா. 10 மில்லிமீற்றர் தகடு, ஐந்தாறு போல்ட், மேலே பெயின்ற். தகட்டுக்கும் கொங்கிறீட்டுக்கும் இடையில் என் அடையாள அட்டை இலகுவாக நுழைந்தது.

பாரம் ஏறும்போது பீமின் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுவையை உள்ளே இருக்கும் கம்பி தாங்குகிறது. தகடு அதில் பங்கெடுக்க வேண்டுமென்றால் கொங்கிறீட்டோடு ஒன்றாக நீள வேண்டும். வளைந்து நிற்கும் பீமில் அப்படியே ஒட்டினால் ஏற்கெனவே இருக்கும் பாரம் முழுவதும் பழைய கம்பியில்தான் நிற்கும்; இனிமேல் ஏறுவதில் மட்டுமே தகட்டுக்குப் பங்கு. அதனால்தான் முதலில் தாங்கியை வெறுமையாக்கி, கீழே தூக்கும் ஜக்கும் முட்டுக்கால்களும் வைத்து மெதுவாகப் பாரத்தை எடுக்கச் சொல்கிறோம். அளவுக்கு மீறித் தூக்கினால் பீமின் மேல்பக்கம் வெடிக்கும். தகட்டை ஒட்டும் எப்பொக்சிப் பசை இறுகும்வரை முட்டுக்கால்கள் அசையக்கூடாது.

இந்த முறை புதிதல்ல. 1960களிலேயே பிரான்சில் எப்பொக்சியால் தகடு ஒட்டிச் சோதித்தார்கள். கொங்கிறீட்டின் மேல்தோலைக் கல் தெரியும்வரை உரிக்க வேண்டும், தகட்டில் துருவோ எண்ணெயோ இருக்கக்கூடாது. தகடு தடித்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தடித்த தகட்டின் நுனியில்தான் ஆபத்து: அங்கே கம்பியை மூடியிருக்கும் கவர் கொங்கிறீட்டையும் பிய்த்துக்கொண்டு திடீரென்று கழன்று விழும். மெல்லிய தகட்டைத் தூணுக்குக் கிட்டவரை கொண்டுபோய், நுனிகளைப் போல்ட்டால் இறுக்குவது பாதுகாப்பு. தூணருகே சாய்வாக ஓடும் வெடிப்பென்றால் அடித்தகடு உதவாது, அதற்கு வைத்தியம் வேறு.

அப்புறம் நெருப்பு. சாதாரண எப்பொக்சி 60, 70 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். தகடு இல்லாவிட்டாலும் அன்றாடப் பாரத்தோடு பீம் விழாமல் நிற்குமா என்று கணக்குப் பார்க்காமல் நான் ஒட்டக் கொடுப்பதில்லை.

அந்த வீட்டில் சுத்தியலால் தட்டியபோது பொள்ளல் சத்தம் கேட்டது. கடல் உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து உப்பி, கவரைத் தள்ளியிருந்தது. கழரப்போகும் அந்தக் கவரிலேயே தகடு தொங்கிக்கொண்டிருந்தது. தகட்டை இறக்கிவிட்டோம். பீமின் கீழ் இப்போது நான்கு முட்டுக்கால்கள் நிற்கின்றன, தாங்கி காலி. துரு நீக்கி, கவரைப் புதிதாகப் பூசி இறுகிய பிறகே அடுத்த தகட்டின் கணக்கு.