லைசென்ஸ் இருக்கிறது, ஆனாலும் வழக்கு

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சட்டச் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் சுட்டதற்காக அல்ல. தேதி தாண்டியதற்காக, முகவரி மாறியதைச் சொல்லாததற்காக, சாவியை அலமாரி மேல் வைத்ததற்காக, பையின் ஓரத்தில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக. உரிமம் துப்பாக்கிக்குத் தரப்படுவதில்லை. இன்ன ஆள், இன்ன ஆயுதம், இன்ன காரணம், இன்ன இடம், இன்ன காலம் என ஐந்தையும் சேர்த்துத்தான் தருகிறார்கள். ஒன்று நழுவினாலும் மற்ற நான்கும் காப்பாற்றாது. இந்த ஐந்தில் எதைப் பிடித்துக்கொண்டு அரசு கேள்வி கேட்கும் என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

முதலில் காலம். இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு 60 நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் மட்டும் போதாது, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கையில் இருக்க வேண்டும். காவல் துறை அறிக்கை வரத் தாமதம், அரசின் ஆயுத உரிம இணையதளத்தில் உரிமத்துக்கான தனி அடையாள எண் ஏறவில்லை என்று கோப்பு எங்காவது தேங்குவது சகஜம். அதற்குள் உரிமம் காலாவதியாகிவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றமாகலாம். ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவில் உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டு வரை. இதற்கான வழி அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமம் முடிந்ததும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுவது. "விண்ணப்பம்தான் போட்டிருக்கிறோமே" என்ற தைரியத்தில் பீரோவில் வைத்திருப்பவர்கள்தான் பிறகு வக்கீலைத் தேடுகிறார்கள்.

இந்த இடைவெளியைப் பிரிட்டன் வேறு விதமாகக் கையாள்கிறது. காலாவதிக்கு 8 வாரம் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், போலீஸ் முடிவெடுக்கத் தாமதித்தாலும் சான்றிதழ் தானாக மேலும் 8 வாரம் செல்லும். கனடாவில் சாதாரண வகைத் துப்பாக்கிகளுக்கு 6 மாதச் சலுகைக் காலம் உண்டு. ஆனால் அந்த 6 மாதத்தில் துப்பாக்கியை வைத்திருக்கலாம், சுடக் கூடாது, தோட்டாவும் வாங்கக் கூடாது. இந்தச் சின்ன வேறுபாடு தெரியாமல் வேட்டைக்குக் கிளம்புபவர் குற்றவாளியாகிவிடுகிறார். வீடு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் கனடாவில் தனிக் கடமை.

காரணம் என்ற நிபந்தனை இதைவிடக் கறாரானது. ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் வந்த தேசிய உடன்படிக்கையின்படி, தற்காப்புக்காக என்று எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. இங்கிலாந்தில் ரைபிள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நியாயமான காரணம் காட்ட வேண்டும். சிதறு குண்டுகளைச் சுடும் ஷாட்கன்னுக்கான சான்றிதழில் அந்தச் சுமை குறைவு. ஜெர்மனியில் விளையாட்டுக்காகத் துப்பாக்கி கேட்பவர் முதலில் 12 மாதம் கிளப்பில் இருந்து, மாதம் ஒருமுறை வீதமோ ஆண்டில் 18 முறையோ சுட்டுப் பயின்றதைக் காட்ட வேண்டும். வாங்கிய பிறகும் 5-ஆம் ஆண்டிலும் 10-ஆம் ஆண்டிலும் தேவை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே அங்கே பயிற்சிப் பதிவேடு துப்பாக்கிக்கு இணையான சொத்து. கிளப் சந்தாவைக் கட்டாமல் விட்டால் காரணம் போகும், காரணம் போனால் உரிமம் போகும்.

அமெரிக்கா இதற்கு நேரெதிர். 2022-இல் உச்ச நீதிமன்றம், துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லத் தனிக் காரணம் கேட்ட நியூயார்க் சட்டத்தைச் செல்லாது என்றது. நாடு முழுமைக்குமான உரிமம் என்று அங்கே எதுவும் இல்லை. அதனால் விதியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எச்1பி, எஃப்1, எல்1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வார இறுதியில் நண்பர்களோடு ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சித் தளத்துக்கு, போய் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் "வைத்திருப்பது"தான். முக்கியமான விலக்கு, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். பல மாநிலங்களில் அது எளிதில் கிடைக்கும். பணம் கட்டி அதை வாங்காமல், ரேஞ்சில் எடுத்த படத்தை முகநூலில் போட்டு, பிறகு கிரீன் கார்டு நேர்காணலில் விழிப்பது தேவையா? கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் தெரிந்தே பொய் எழுதினால் அது தனிக் குற்றம், 10 ஆண்டு வரை சிறை. போதைப் பழக்கம் உண்டா என்றும் அதில் கேட்பார்கள். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டபூர்வமாக இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அல்ல என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது.

எல்லை தாண்டும்போது என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள நியூவார்க் விமான நிலைய வழக்கைப் பார்க்கலாம். 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, புறப்படும் மாநிலத்திலும் சேரும் மாநிலத்திலும் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கக் கூடியவர், இடையிலுள்ள மாநிலத்தின் விதி கடுமையாக இருந்தாலும் அதைத் தாண்டிச் செல்லலாம். தோட்டா ஏற்றாமல், கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டும். 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் பறந்த ஒருவர், விமானம் தாமதமானதால் நியூவார்க்கில் இணைப்பைத் தவறவிட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு ஓட்டலில் இரவு தங்கினார். காலையில் கவுண்டரில் துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார். நியூஜெர்சி சட்டப்படி கைது செய்யப்பட்டார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் இழப்பீடு கேட்டுப் போனபோது, 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இரவு முழுக்கப் பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பொருந்தாது என்றது. இப்படிப் பாதியில் மாட்டிக்கொண்டால் பெட்டியை வாங்காமல் விமான நிறுவனத்திடமே விடுவதுதான் பாதுகாப்பு.

இந்தியாவிலும் விமான நிலைய வழக்குகள் நிறைய. துப்பாக்கி இல்லை, கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு .32 தோட்டா, அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் தெரிந்ததும் எஃப்.ஐ.ஆர். வைத்திருப்பது என்றால் அறிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. கவனக்குறைவால் கிடந்த ஒற்றைத் தோட்டா வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் அதன்படி ரத்து செய்கின்றன. ஆனால் ரத்து ஆகும்வரை விமானமும் போகும், பாஸ்போர்ட்டும் இழுபடும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் இருப்பது ஒன்றே தீர்வு. உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதையும் படித்துப் பாருங்கள். மாநிலத்துக்குள் மட்டும் என்று எழுதியிருந்தால் அடுத்த மாநிலத்தில் அது வெறும் காகிதம்.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது இன்னொரு அரைகுறை உண்மை. இந்திய விதிகளில் .177 அங்குலக் குழல் அளவும், குண்டு வெளிவரும்போது 20 ஜூல் ஆற்றலும் எல்லை. அதற்கு மேலே போனால் உரிமம் வேண்டும். இங்கிலாந்தில் ஏர் ரைபிளுக்கு எல்லை 12 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 ஜூல். ஜெர்மனியில் 7.5 ஜூல். இங்கே கடையில் ஆதார் காட்டி வாங்கிய 18 ஜூல் ஏர் ரைபிள் இங்கிலாந்தில் சான்றிதழ் தேவைப்படும் ஆயுதம். ஸ்காட்லாந்தில் 2016 இறுதியிலிருந்து சாதாரண ஏர்கன்னுக்கே உரிமம் வேண்டும்.

சாவி விஷயத்துக்கு வருவோம். பெட்டகம் பலமாக இருந்தால் போதும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒருவர் தன் தாய் வீட்டில் துப்பாக்கிகளைப் பூட்டி வைத்திருந்தார். சாவி இருக்கும் இடம் தாய்க்குத் தெரியும். சான்றிதழ் இல்லாத தாயின் வசமும் அவை இருந்ததாகவே பொருள் என்று சொல்லி, மகனின் புதுப்பிப்பு மறுக்கப்பட்டதை நீதிமன்றம் ஏற்றது. ஜெர்மனியில் 2023-இல் மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம் ஒருபடி மேலே போனது. உரிமையாளர் வெளியூர் போயிருந்தபோது திருடர்கள் சாவியைக் கண்டுபிடித்துப் பெட்டகத்தைத் திறந்துவிட்டார்கள். சாவியை வைக்கும் பெட்டியும் துப்பாக்கிப் பெட்டகத்துக்கு இணையான பாதுகாப்புத் தரத்தில் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதுவரை அப்படி ஒரு கடமை இருப்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாது என்பதால் அந்த உரிமையாளர் தப்பித்தார். அடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்கள் கருத்து, எண் பூட்டுள்ள பெட்டகம் வாங்குங்கள். மனைவிக்கோ மகனுக்கோ எண்ணைச் சொல்லாதீர்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டால் அவரது உரிமமும் அத்தோடு முடிகிறது. வாரிசுகள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, முதலில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு ஒருவர் விண்ணப்பிக்கலாம். இந்திய விதிகளில், உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே 70 வயதானாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற வழி உண்டு. இதைப் பயன்படுத்துவோர் குறைவு. ஆனால் வாரிசு வழியில் வந்தாலும் ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். 2019 வரை 3 இருந்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது திருத்தம். தாத்தா காலத்து இரட்டைக்குழலை விடுவதா, ரைபிளை விடுவதா என்று பல குடும்பங்கள் தடுமாறின. ஜெர்மனியில் வாரிசு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தனித் தேவை காட்ட முடியாவிட்டால் குழலை அடைக்கும் பூட்டு போட்டுத்தான் வைத்திருக்க முடியும்.

எல்லாம் சரியாகச் செய்தும் உரிமம் போகலாம். ஜப்பானின் ஹொக்கைடோவில் 2018-இல் நகராட்சி கேட்டுக்கொண்டதால் கரடியைச் சுட்ட வேட்டைக்காரரின் அனுமதி, கட்டடங்கள் இருந்த திசையில் சுட்டார் என்று ரத்தானது. 2021-இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, 2024-இல் உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. இந்தியாவில் ரத்து செய்வது ஆயுதச் சட்டம் 17-ஆம் பிரிவின் கீழ். ஒரு குற்ற வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே ரத்துக்குப் போதாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியுள்ளன. தேர்தல் நேரத்தில் எல்லோரும் ஒட்டுமொத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவும் செல்லாது என்ற தீர்ப்புகள் உண்டு. தேர்தலுக்காக அமைக்கப்படும் ஆய்வுக் குழு ஆளுக்கு ஆள் பரிசீலித்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் நோட்டீஸ் வந்தால் ஆயுதத்தை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள். ஒப்படைத்துவிட்டு, காரணத்தை எழுத்தில் கேட்டு, 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். ஒப்படைக்கும் முன் எண்ணெய் போட்டு, எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். துருப்பிடித்துத் திரும்பி வந்தால் கேட்க ஆதாரம் வேண்டும். ரசீதில் துப்பாக்கி எண், குழல் அளவு, தோட்டா எண்ணிக்கை மூன்றும் எழுதப்படும்வரை காவல் நிலையத்தை விட்டு நகராதீர்கள்.