காலண்டரில் இரண்டு குதிரைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் கண் பரிசோதனைக் கடையில், பந்தய நாள் கட்டங்களில் குதிரைப் படம் போட்ட குதிரைக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டிய பெரியவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் இரண்டு குதிரைகள் நிற்கின்றன தம்பி, ஒன்றின் தலைமேல் ஒன்று" என்றார். கண்ணாடியை மாற்றத்தான் வந்திருந்தார். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னேன். ஒரு குதிரை மறைந்தது. மறு கண்ணை மூடினாலும் அப்படியே.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகவே தெரிந்தால் புரை, கண் வறட்சி, பவர் மாற்றம் என்று தேடலாம். எதை மூடினாலும் ஒன்றாகிவிட்டால், இரு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் புதிய பவர் உதவாது. உதவும் என்று விற்பவர்களும் எங்கள் தொழிலில் உண்டு.

அவருக்கு நான்கு மாதங்களுக்கு முன் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்காக வடிகால் குழாய் பொருத்தியிருந்தார்கள். மெல்லிய குழாயின் ஒரு முனை கண்ணுக்குள் இருக்கும். மறுமுனையில் உள்ள தகடு, பெரும்பாலும் கண்ணை மேலே தூக்கும் தசைக்கும் வெளிப்பக்கம் திருப்பும் தசைக்கும் நடுவில், வெண்விழிமேல் உட்காரும். அகமது வகைத் தகடு 184 சதுர மில்லிமீட்டர். பேர்வெல்ட் வகையில் 350 வரை உண்டு. அந்தப் பெரிய தகட்டின் ஓரங்கள் தசைகளுக்கு அடியிலேயே செருகப்படும். தகட்டைச் சுற்றித் தழும்பு உறை வளர்ந்து, அதற்குள் கண்ணிலிருந்து வடியும் நீர் சேர்ந்து மேடாகும். கண் அழுத்தத்தைக் குறைப்பது அந்த மேடுதான். சிலருக்கு விழியைத் தள்ளுவதும் அதுதான். தழும்பு தசையையும் இழுத்துப் பிடிக்கலாம்.

டார்ச்சை மேலே நகர்த்தினேன். ஒரு விழி தொடர்ந்து ஏறியது, மற்றது பாதியில் நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் அண்ணாந்து குலை பார்த்தவருக்கு இப்படி.

"அறுவை சிகிச்சை கெட்டுப்போனதா தம்பி?" என்று கேட்டார். இல்லை, அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது. ஆரம்ப வீக்கத்தால் வரும் இரட்டைப் பார்வை சில வாரங்களில் தணிவதுண்டு. நீடித்தால் கண்ணாடியில் பிம்பத்தை இடம் நகர்த்தும் பிரிசம் வைக்கலாம், தசையில் அறுவை செய்யலாம். தகட்டை எடுப்பது அரிது. மறு கண்ணில் பார்வை மங்கலாக இருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு இருந்தும் தெரியாது. அந்தக் கண்ணில் புரை நீக்கியதும் திடீரென்று எல்லாம் இரண்டாகும்.

மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன், தலையாட்டினார். மோட்டார் சைக்கிள் சாவியை மகனிடம் கொடுத்துவிடச் சொன்னபோதுதான் முகம் சுருங்கியது.