அனுப்பிய கட்டுரை யார் கையில் இருக்கிறது?

ஜிம்மி வேல்ஸ் 2000-ஆம் ஆண்டில் நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். லாரி சாங்கர் அதன் தலைமை ஆசிரியர். கட்டுரைகளைத் துறை அறிஞர்கள் எழுதினார்கள். ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்டினால்தான் எதுவும் வெளிவரும். 2003-இல் அது மூடப்பட்டபோது எல்லாக் கட்டங்களையும் முடித்திருந்த கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. எழுத ஆள் இல்லாமல் போகவில்லை, எழுதியவை வழியிலேயே தேங்கிவிட்டன.

கட்டுரைகளை வரவேற்கும் இணையக் குழுவை அமைப்பவர்கள் பெரும்பாலும் படிவத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். தலைப்புக்கு ஒரு பெட்டி, உள்ளடக்கத்துக்கு ஒரு பெட்டி, கீழே 'அனுப்பு' பொத்தான். இவ்வளவும் ஒரு நாள் வேலை. பொத்தானை அழுத்திய பிறகு கட்டுரைக்கு என்ன நேர்கிறது என்பதில்தான் அமைப்பின் உயிர் இருக்கிறது.

முதலில், ஒவ்வொரு கட்டுரையும் எந்தக் கணத்திலும் ஒரே ஒரு நிலையில்தான் இருக்க வேண்டும்: வரைவு, அனுப்பப்பட்டது, பரிசீலனையில், திருத்தத்துக்குத் திரும்பியது, ஏற்கப்பட்டது, வெளியானது, மறுக்கப்பட்டது. எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம், அந்த மாற்றத்தைச் செய்ய யாருக்கு உரிமை உண்டு என்பதை நிரலில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். வரைவு ஒன்று நேரே 'வெளியானது' ஆகிவிடக் கூடாது. எழுதியவரே தன் கட்டுரையை ஏற்றுக்கொள்ளவும் கூடாது. நிலையோடு இன்னும் இரண்டு தகவல்களைச் சேர்த்துவைப்பது அவசியம் என்பேன்: கட்டுரை இப்போது யார் கையில் இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது. இவை இல்லாத அமைப்பில் 'பரிசீலனையில்' என்பதற்குப் பொருளே இல்லை.

இரண்டு ஆசிரியர்கள் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் திறந்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. முதலாமவர் திருத்திச் சேமிக்கிறார். பழைய வடிவத்தையே திரையில் வைத்திருந்த இரண்டாமவர் பிறகு சேமிக்கும்போது முதலாமவரின் உழைப்பு சத்தமில்லாமல் அழிந்துபோகும். தீர்வு எளியது. ஒவ்வொரு சேமிப்புக்கும் பதிப்பு எண் ஒன்று கூடும். "நான் 7-ஆம் பதிப்பைத் திருத்தினேன்" என்று ஒருவர் சேமிக்க வரும்போது தரவுத்தளத்தில் ஏற்கெனவே 8 இருந்தால், அமைப்பு அதை ஏற்காமல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

இனி வரிசை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங், அழைப்புகள் எப்படிக் குவிகின்றன என்பதை 1909-இல் கணிதமாக எழுதினார். வரிசைக் கோட்பாடு அங்கிருந்து வளர்ந்தது. ஜான் லிட்டில் 1961-இல் அதில் ஓர் அழகான விதியை நிறுவினார்: அமைப்புக்குள் இருக்கும் சராசரி எண்ணிக்கை, வரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் காலத்தையும் பெருக்கினால் கிடைப்பது. நாளுக்கு 4 கட்டுரைகள் வந்து, ஒவ்வொன்றும் 15 நாள் தங்கினால், எந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் சராசரியாக 60 கட்டுரைகள் உள்ளே இருக்கும்.

இதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. ஓர் ஆசிரியர் வாரத்துக்குச் சராசரியாக 10 கட்டுரைகளைப் பார்க்க முடியும் என்று கொள்வோம். கட்டுரைகள் ஒழுங்கின்றி வருகின்றன. சிலவற்றைப் பார்க்க அரை மணி போதும், சிலவற்றுக்கு ஒரு நாள் வேண்டும். எளிய வரிசை மாதிரியின்படி வாரம் 8 வந்தால் ஒரு கட்டுரை உள்ளே தங்குவது சராசரியாக அரை வாரம். 9 வந்தால் ஒரு வாரம். சராசரி ஒன்பதரை ஆனால் இரண்டு வாரம். வரத்து ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, தங்கும் காலம் நான்கு மடங்காகிவிட்டது. 10-ஐத் தொட்டால் வரிசைக்கு எல்லையே கிடையாது. முழுத் திறனையும் பயன்படுத்துவதுதான் சிக்கனம் என்று எண்ணும் குழுக்கள் இந்த இடத்தில்தான் முறிகின்றன. ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு மிஞ்சினால்தான் வரிசை நகரும்.

வரிசைக்கு வருமுன்னே இயந்திரம் கழித்துவிடக் கூடியவையும் உண்டு. முன்பே வெளியான கட்டுரையை மறுபடி அனுப்புவது அதில் ஒன்று. கோப்பின் சாரத்தை 256 பிட்டில் சுருக்கித் தரும் ஷா-256 போன்ற முறைகள் அச்சு அசலான நகலை உடனே காட்டிவிடும். ஆனால் ஒரு காற்புள்ளி மாறினாலும் முடிவு முழுக்க மாறிவிடுவதால், லேசாக மாற்றிய நகல் தப்பிவிடும். அதைப் பிடிக்க 1997-இல் ஆன்ட்ரே பிராடர் விவரித்த வழி உதவும்: உரையை ஒன்றன்மேல் ஒன்று படியும் சொற்கோவைகளாக, உதாரணமாக நான்கு நான்கு சொற்களாக, வெட்ட வேண்டும். இரண்டு கட்டுரைகளின் எல்லாக் கோவைகளிலும் பொதுவானவை எத்தனை பங்கு என்று பார்த்தால் ஒற்றுமை எண்ணாகவே வெளிப்படும்.

தமிழ் உரைக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிக் குறியீடு தரும் ஒருங்குறியில் 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தரலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் தரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. ஒப்பிடுவதற்கு முன் எல்லா உரையையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாவிட்டால் நகல்களும் பிடிபடாது, தேடலும் பொய்க்கும். நீள வரம்பு வைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, ஒருங்குறியில் 5 குறியீடுகள், அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். வரம்பை பைட்டில் வைத்தால் நம் எழுத்தாளருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒருவர் தன் பக்கத்தில், பார்ப்பவரின் உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பதுக்கிவைத்தார். பார்த்தவர்களின் பக்கங்களுக்கெல்லாம் அது தன்னைப் படியெடுத்துக்கொண்டு ஒரே நாளுக்குள் பத்து லட்சம் கணக்குகளைத் தாண்டிப் பரவியது. வெளியாட்கள் அனுப்பும் உரையில் அனுமதித்த வடிவமைப்புக் குறிகளை (HTML) மட்டும் விட்டுவைத்து மீதியை நீக்குவதுதான் சரி. தீயவற்றைப் பட்டியலிட்டுத் தடுக்கப் பார்த்தால் பட்டியலில் இல்லாதது நுழைந்துவிடும்.

தேக்கத்துக்கு வருவோம். விக்கிப்பீடியா பரிசீலனையை வெளியீட்டுக்குப் பின்னால் தள்ளிவைத்தது. இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக்கட்டுரை இணையக் களஞ்சியம் நடுவழியில் போகிறது: முழு மதிப்பாய்வு இல்லை, பொருத்தத்தைப் பார்க்கும் மேலோட்டமான சரிபார்ப்பு மட்டும். 2004 முதல் புதியவர்களுக்கு ஏற்கெனவே எழுதுபவர் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். திருத்தினால் புதிய பதிப்பு சேரும், பழையதும் அப்படியே இருக்கும். சிறு குழுவுக்கு இந்த நடுவழியே பொருந்தும் என்பது என் கருத்து. பிழையைப் பின்னால் திருத்த முடியும், முந்தைய பதிப்பும் சாட்சியாக நிற்கும் என்றால் வாசலில் ஏழு காவல் தேவையில்லை.

இத்துடன் ஒரு தானியங்கி விதியைச் சேர்த்துவிட வேண்டும். பரிசீலனைக்கு எடுத்தவர் குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் கட்டுரை அவர் கையிலிருந்து பொது வரிசைக்குத் திரும்ப வேண்டும், அனுப்பியவருக்கும் அந்தச் செய்தி போக வேண்டும். திரும்பும் கட்டுரை வரிசையின் கடைசிக்குப் போகக் கூடாது. முதலில் அனுப்பப்பட்ட தேதிதான் அதன் இடம்.