அப்பா வெளியே போனதும் சொன்ன வலி

விளையாடும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தால், கொஞ்ச நேரத்தில் ஏதாவது சாக்கு சொல்லி அவர்களை வெளியே அனுப்பிவிடுவேன். “பழைய எக்ஸ்ரே வண்டியில இருக்கா, பார்த்துட்டு வாங்களேன்.”

அப்படித்தான் போன வருடம் 13 வயதுப் பையன் ஒருவன் வந்தான். நீளம் தாண்டுபவன். “ரெண்டு நாளா முட்டி வலிங்குறான் மேடம். அடுத்த வாரம் வருவாய் மாவட்டப் போட்டி” என்றார் அப்பா. அவர் அந்தப் பக்கம் போனதும் பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், வலி வந்து மூன்று மாதமாம்.

“வீட்ல ஏன் சொல்லல? திட்டுவாரா?”

“திட்டவே மாட்டாரு. நாலரைக்கு எந்திரிச்சு என்னை கிரவுண்டுல விட்டுட்டுத்தான் வேலைக்குப் போறாரு. ஸ்பைக்ஸ் ஷூ வாங்க அம்மா செயினை அடகு வச்சாங்க.”

அடிக்குப் பயந்த பிள்ளைகளைக்கூட நயமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இப்படிக் கடன்பட்டதாக நினைக்கும் பிள்ளையிடம் வலியை வரவழைப்பதுதான் கஷ்டம்.

முட்டிச் சிப்பிக்குக் கீழே எலும்பு லேசாகப் புடைத்திருந்தது. தொட்டதும் காலை இழுத்துக்கொண்டான். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று இதற்குப் பெயர். பிள்ளைகள் கிடுகிடுவென வளரும் காலத்தில், தொடைத் தசையின் நார் காலெலும்பில் ஒட்டும் இடம் இன்னும் முழுக்க எலும்பாகியிருக்காது. ஒவ்வொரு தாவலுக்கும் தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். இவன் எவ்வளவு வேகமாக வளர்கிறான் என்பதற்கு அவன் பேன்ட்டே சாட்சி, கணுக்காலுக்கு மேலே நின்றது.

பெரும்பாலும் வளர்த்தி நின்றதும் இந்த வலியும் அடங்கிவிடும். ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. தாவலையும் வேக ஓட்டத்தையும் குறைத்து, ஐஸ் வைத்து, தொடைத் தசையை நீட்டி வலுவாக்கும் பயிற்சிகளைச் செய்தால் போதும். மாத்திரை போட்டுக்கொண்டு போட்டியில் இறங்குவதுதான் கூடாது. நொண்டுவது, மூட்டு வீங்குவது, ராத்திரி வலியில் விழிப்பது, இதெல்லாம் இருந்தால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

திடீரென உயரும் மாதங்களில் கை கால் சொன்னபடி கேட்காது. நேற்றுவரை தாண்டிய தூரம் இன்று வராது. “சோம்பேறி ஆயிட்டான், போன்தான் காரணம்” என்று வீட்டில் சொல்வார்கள். போனைத் திட்டும் முன் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து பாருங்கள். பயிற்சிக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பிள்ளைக்கு 13 வயதென்றால் வாரத்துக்கு 13 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால், “போட்டி நேரத்துல நல்லதுதானே” என்று விட்டுவிடாதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். எலும்பையே அது பலவீனமாக்கும். மருத்துவரைப் பாருங்கள்.

“குகேஷோட அப்பா டாக்டர் தொழிலையே நிறுத்திட்டுப் பையன்கூடப் போனாரே” என்று என் அறையில் பலர் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியனும் ஆனார் அவர் மகன். ஆனால் அப்படி எல்லாவற்றையும் விட்டும் ஜெயிக்காத வீடுகள் செய்தியில் வருவதில்லை. எனக்குப் பிடித்தவர் பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி. வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் அடுப்பையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போய் மகனுக்குச் சோறும் ரசமும் வைத்துத் தருகிறவர். செஸ் சொல்லித்தர வேறு ஆள் இருக்கிறார்.

கிரவுண்டிலிருந்து வீடு திரும்பும் வழியில் “இன்னைக்கு எவ்வளவு தாண்டின?” என்பதற்கு முன்னால் “எங்கயாவது வலிக்குதா?” என்று கேட்கச் சொல்வேன். “உனக்காகத்தான் இவ்வளவும்” என்ற பேச்சைப் பிள்ளை காதில் போட வேண்டாம் என்றும் சொல்வேன்.

பையனிடம் கேட்டுக்கொண்டுதான் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “மூணு மாசமாடா?” என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த வருடப் போட்டிக்கு அவர்கள் போகவில்லை. இப்போது சுவரில் கோடு போட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். நான் சொன்னது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அவர் மாதாமாதம் அனுப்புகிறார். போன கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவில் அரை விரற்கடை.