மூட்டு வலிக்கும்போது எடை தூக்கலாமா?

எடைப் பயிற்சி செய்பவர்கள் வலியோடு பிசியோதெரபி அறைக்குள் வரும்போது பெரும்பாலும் இரண்டில் ஒரு நிலையில் இருப்பார்கள். ஒரு சாரார், "ஆறு வாரத்துக்கு எதையுமே தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார்" என்று முகம் வாடி வருவார்கள். இன்னொரு சாரார், வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வழக்கமான எடையையே தூக்கித் தூக்கி, மாடிப்படி இறங்க முடியாத நிலை வந்த பிறகுதான் வருவார்கள். இருவரிடமும் நான் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, வலிக்கும் இடம் இன்று எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு எடையை இறக்க வேண்டும், அந்த அளவு சரிதானா என்பதை மறுநாள் காலை வலியை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

இது எல்லா வலிக்கும் பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் போடும்போது அக்குளுக்கு முன்புறம் ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து, அங்கே பள்ளம் விழுந்து, கை மேற்பகுதி வரை கருநீலமாகக் கன்றிப்போனால், மார்புத் தசையின் நாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் முழங்கை மடிப்பருகே அப்படி நேர்ந்து, மேற்கையின் முன்புறத் தசை (பைசெப்ஸ்) மேலே சுருண்டுகொண்டால் அதுவும் இதே வகைதான். இவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் சில வாரங்களுக்குள் செய்வது எளிது. நாள் தள்ளத் தள்ளச் சிக்கலாகும். முதுகு வலியோடு பாதம் தொங்கிப்போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் மலத்தை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போவது ஆகியவை அவசர சிகிச்சைக்கு உரியவை. முழங்கால் முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்துக்குள் வீங்கினாலும், நீட்ட மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலும், வலியோடு காய்ச்சல் இருந்தாலும் மருத்துவரைப் பார்க்காமல் எந்தப் பயிற்சியும் கூடாது.

இவை நீங்கலாக ஜிம்முக்குப் போகிறவர்களிடம் நாள்தோறும் நான் பார்க்கும் வலிகளில் பெரும்பகுதி, உடல் பழகியிருந்த சுமையைத் திடீரென்று மீறியதால் வருபவை. இவற்றுக்கு முழு ஓய்வு கொடுத்தால் வலி குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த ஓய்வுக்கு ஒரு விலை உண்டு. 2014இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தார்கள். ஐந்தே நாளில் முன்தொடைத் தசையின் பருமன் 3.5 சதவீதமும் வலிமை 9 சதவீதமும் குறைந்தன. பதினான்கு நாளில் வலிமை இழப்பு 23 சதவீதத்தைத் தொட்டது. ஜிம்மை விட்டவரின் கால் மாவுக்கட்டில் இருப்பதில்லை என்பதால் இழப்பு இந்த வேகத்தில் இருக்காது. ஆனாலும் போகும் திசை அதுதான். வலி போய்விட்டது என்று அவர் திரும்பி வந்து பழைய எடையைத் தூக்கும்போது, அதைத் தாங்கும் திறன் முன்பைவிடக் குறைந்திருக்கும். அதனால்தான் ஓய்வு, மறுபடி வலி, மறுபடி ஓய்வு என்று சிலருக்கு ஓராண்டே ஓடிவிடுகிறது.

இந்தச் சுழலில் அதிகம் மாட்டிக்கொள்வது தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்தான். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, எனவே மாற்றமும் மெதுவாகவே நடக்கும். தசைநாணுக்குச் சுமைதான் மருந்து என்பது இன்று ஏறத்தாழ எல்லோரும் ஏற்பது. அந்தத் தெளிவு வந்த வழி வேடிக்கையானது. ஸ்வீடன் நாட்டு எலும்பு அறுவை மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சனுக்குக் குதிகால் தசைநாணில் தீராத வலி இருந்தது. அறுவை சிகிச்சைக்கு அவருடைய மேலதிகாரி ஒப்பவில்லை. நாண் அறுந்தே போனால் அறுவை சிகிச்சை செய்துதான் ஆக வேண்டும் என்று எண்ணி, வலிக்க வலிக்கக் குதிகாலைப் படியின் விளிம்பிலிருந்து கீழே இறக்கும் பயிற்சியை அவர் செய்தாராம், வலி போய்விட்டது. 1998இல் அதே பயிற்சியை ஒரு நாளைக்கு இரண்டு வேளை வீதம் பன்னிரண்டு வாரம், நாள்பட்ட வலி இருந்த 15 ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்தபோது எல்லோருமே ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

அப்படியானால் எவ்வளவு வலிவரை போகலாம்? இதற்கு நான் பின்பற்றும் அளவுகோலும் ஸ்வீடனிலிருந்து வந்ததுதான். 2007இல் சில்பர்நாகலும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், குதிகால் தசைநாண் வலி உள்ளவர்களில் ஒரு குழுவை மறுவாழ்வுப் பயிற்சியோடு ஓடவும் குதிக்கவும் அனுமதித்தார்கள். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடக் கூடாது என்பவையே நிபந்தனைகள். ஓட்டத்தை நிறுத்திய குழுவைவிட இவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. நான் தொடக்க வாரங்களில் ஐந்து என்பதை மூன்றாகக் குறைத்துக்கொள்கிறேன். ஜிம்மில் பாட்டும் பக்கத்தில் நண்பர்களும் இருக்கும்போது வலியைக் குறைத்துச் சொல்லாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு, என்னிடம் அடிக்கடி வரும் ஒரு வகையினரைச் சொல்கிறேன். நாற்பதை நெருங்குபவர், தோளில் 100 கிலோ சுமந்து குந்தி எழும் ஸ்குவாட் போடுகிறவர். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டு, ஊர் வாலிபால் போட்டியில் இரண்டு நாள் குதித்து ஆடி, திரும்பிய மறுநாளே பழைய எடையைத் தூக்கியிருப்பார். வலி எங்கே என்று கேட்டால் உள்ளங்கையால் மூட்டைத் தடவாமல், முழங்கால் சில்லின் கீழ் நுனியை ஒரே விரலால் தொட்டு, "இந்த ஒரு எடத்துலதான் சார் குத்துது" என்பார். சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் தொடங்கும் இடம் அது. முன்புறம் சரிந்த பலகையில் அந்த ஒற்றைக்காலில் நிற்கவைத்து மெதுவாகக் குந்தச் சொன்னால், பாதி இறங்குவதற்குள் அதே இடத்தில் வலி ஆறு என்பார். அந்த எண்ணைக் குறித்துக்கொள்வோம். இனி ஒவ்வொரு நாள் காலையும் பல் துலக்கியதும் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை அப்படிக் குந்தி, வலி எத்தனை என்று அவரே எழுதி வைக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் குதிப்பு, ஓட்டம், வேகமாகத் தூக்கும் பயிற்சிகள் மூன்றும் கிடையாது. லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் முழங்காலைப் பாதி நீட்டி, அசைக்காமல் 45 வினாடி பிடித்திருந்து, இரண்டு நிமிடம் விட்டு, ஐந்து முறை செய்யச் சொல்வேன். சிலருக்கு இது உடனே வலியைத் தணிக்கிறது, சிலருக்கு இல்லை. தணியாவிட்டாலும் தசைக்கு வேலை கிடைத்துவிடுகிறது. பிறகு கனமாக, ஆனால் மெதுவாகத் தூக்கும் கட்டம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட முறையில் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு செட். இறங்க மூன்று வினாடி, ஏற மூன்று வினாடி. தொடக்கத்தில் பதினைந்து முறைக்கு மேல் முடியாத எடை. பன்னிரண்டு வாரத்தில் படிப்படியாக ஆறு முறைக்கு மேல் முடியாத எடை. 100 கிலோ போட்டவர் முதல் நாள் 50 கிலோவை இந்த வேகத்தில் போட்டுவிட்டு, "இதுதான் சார் கஷ்டமா இருக்கு" என்று சொல்வது வழக்கம். காலை எண் முந்தைய நாளைவிட ஏறினால் அடுத்த முறை ஐந்து பத்து கிலோ இறக்குவோம். இரண்டு முறை தொடர்ந்து ஏறாமல் இருந்தால் கூட்டுவோம்.

உடலின் மற்ற பகுதிகளுக்கு ஓய்வு கொடுக்கவே தேவையில்லை. ஒரு பக்கக் கை காலைப் பயிற்றினால் மறுபக்கத்துக்கும் ஓரளவு வலிமை சேரும் என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894லேயே பதிவு செய்திருக்கிறார்கள். கையை அசைக்கவே கூடாத கட்டத்தில் இருப்பவர்களுக்குக்கூட இது உதவும். அதோடு, சேர்த்த வலிமையைத் தக்கவைக்க அதைச் சேர்க்கத் தேவைப்பட்ட உழைப்பில் சிறு பங்கே போதும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இளம் வயதினர் பயிற்சியை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தும் 32 வாரம் வலிமையைக் காத்துக்கொண்டார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்குத் தசைப் பருமன் அந்த அளவில் நிற்கவில்லை.

முதுகு வலியில் சிக்கல் வேறு. டெட்லிஃப்ட் செய்து முதுகு பிடித்துக்கொண்டவர் எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியிருப்பது) என்று படித்த கணமே, வாழ்நாளில் குனியவே கூடாது என்று முடிவு கட்டிவிடுகிறார். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் தட்டுப் பிதுக்கம் இருந்தது. ஸ்கேனில் தெரிவது அவருடைய வலிக்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைச் சொல்ல ஆளைப் பரிசோதிக்க வேண்டும். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லையென்றால், பார்பெல்லைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்கால் உயரத்திலிருந்து, வலி கூடாத எடையில் தூக்கத் தொடங்கலாம்.

வலி மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பயிற்சிக்கு முன் போடாதீர்கள். நாம் அளவுகோலாக வைத்திருப்பதே வலியைத்தான். அதை மழுங்கடித்துவிட்டு எடையை எப்படி நிர்ணயிப்பது? ஸ்வீடனில் 2018இல் வெளியான ஆய்வில் தினமும் 1,200 மில்லிகிராம் இபுப்ரோஃபென் எடுத்த இளைஞர்களுக்கு, எட்டு வாரப் பயிற்சியில் கூடிய தசை, குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குக் கூடியதில் ஏறத்தாழ பாதிதான். வயிறும் சிறுநீரகமும் படும் பாடு தனி. ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். மேலே சொன்ன டென்மார்க் ஆய்வில் ஊசி போட்டவர்கள் பன்னிரண்டாம் வாரத்தில் நன்றாகவே இருந்தார்கள், ஆறு மாதத்தில் அந்த நன்மை கரைந்துவிட்டது. வலிக்கும் நாணையே அழுத்தி எண்ணெய் போட்டு உருவிவிடுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. தொடைத் தசையை இதமாகப் பிடித்துவிடுவதில் தவறில்லை.

பழைய எடைக்குத் திரும்பக் குறைந்தது மூன்று மாதம் ஆகும், பலருக்கு ஆறு மாதமும் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். நல்ல கால் தனியாக லெக் பிரஸ்ஸில் தள்ளும் எடையில் பத்தில் ஒன்பது பங்கை வலித்த காலும் தனியாகத் தள்ளிய பிறகுதான் குதிப்பு. முதலில் இரண்டு காலில் சிறு துள்ளல், அப்புறம் ஒற்றைக்கால், அதற்கும் பிறகு வாலிபால். வாரத்துக்கு இரண்டு நாள்தான், நடுவே இரண்டு நாளாவது இடைவெளி விட்டு, பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக்கொடுக்கலாம். ஸ்மாஷ் அடிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வாரங்களிலும் காலையில் குந்திப் பார்த்து எண்ணை எழுதி வைப்பதை நிறுத்தக் கூடாது.