லெட்டரிங்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

படங்களை ஒட்டி அலங்கரிக்கும் நினைவு ஏடான ஸ்கிராப்புக் செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ‘லெட்டரிங்’. பிறந்தநாள் படங்களை ஒட்டிய பக்கத்தின் மேலே ‘முதல் வயது’ என்று பெரிதாக, நிழல் கொடுத்து, பூ வைத்து அமைக்கிறோமே, அந்த வேலைதான் இது. ஸ்கிராப்புக்கை ‘ஒட்டுப்புத்தகம்’ எனலாம், வேலையே ஒட்டுவதுதானே. 1873-ல் எழுத்தாளர் மார்க் ட்வைன் காப்புரிமை வாங்கியதும், பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஓர் ஒட்டுப்புத்தகத்துக்குத்தான்.

‘லெட்டர்’ லத்தீனின் ‘லிட்டெரா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பொருள், எழுத்து. ‘லெட்டரிங்’ என்றால் எழுத்தைப் படமாக வரைவது. இதையும் கேலிகிராஃபியையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கேலிகிராஃபி கிரேக்கச் சொல். ‘அழகு’, ‘எழுதுதல்’ இரண்டும் சேர்ந்தது. அதில் பட்டைமுனைப் பேனாவின் ஓட்டத்திலேயே எழுத்து பிறந்துவிடும். லெட்டரிங்கில் முதலில் பென்சிலில் வெளிக்கோடு போடுவோம், பிடிக்காவிட்டால் அழிப்போம், அப்புறம் நிறம் கொடுப்போம். கேலிகிராஃபிக்கு ‘வனப்பெழுத்து’, ஃபான்ட்டுக்கு ‘எழுத்துரு’ என்ற சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. லெட்டரிங்தான் பெயரில்லாமல் நிற்கிறது.

‘எழுத்தோவியம்’ என்று சிலர் சொல்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் பொடி எழுத்துகளை நெருக்கி எழுதி ஒருவரின் முகத்தையே உருவாக்கும் படத்துக்கும் அதே பெயர் வழங்குகிறது. ‘தலைப்பெழுத்து’ பொருத்தமாகத் தெரியும். அது பெயருக்கு முன்னால் போடும் இனிஷியலுக்கு உரியதாகிவிட்டது. ஒரு எழுத்து குறைந்தாலோ ‘தலையெழுத்து’!

எனக்குச் சரியென்று படுவது ‘வரையெழுத்து’. வரைந்த எழுத்து என்று கேட்டவுடனே புரிகிறது. ‘தலைப்பை வரையெழுத்தில் போடு’ என்று பேச்சிலும் சொல்ல முடியும்.

இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி தருவது ஒன்று உண்டு. பழந்தமிழில் எழுதுவதும் வரைவதும் ஒரே வினை. மார்பில் தொய்யில் என்ற கோலத்தை எழுதினார்கள். கண்ணுக்கு மை எழுதினார்கள். ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்று குறள் சொல்வது மை தீட்டும் கோலைத்தான். பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்தில் இருந்த ஓவிய மண்டபத்தை ‘எழுத்துநிலை மண்டபம்’ என்கிறது. காமனும் ரதியும், இந்திரனும் அகலிகையும் அங்கே சுவரில் இருந்தார்கள். ஓவியத்தையே எழுத்து என்று அழைத்த மொழி இது. பின்னாளில் ‘எழுத்து’ பெரும்பாலும் அட்சரத்துக்கே உரியதாகிவிட்டதால், ‘வரை’ என்பதை முன்னால் சேர்க்க வேண்டியிருக்கிறது.

தமிழில் தலைப்பு போடுகிறவர்களுக்கு இந்தக் கலை கூடுதலாகவே தேவைப்படும். கடையில் கிடைக்கும் ஆங்கில ஸ்டிக்கர் தாளில் 26 எழுத்து இருந்தால் எந்தத் தலைப்பையும் ஒட்டிவிடலாம். நமக்கு 247. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனியே வெட்டி வைத்துக்கொள்ளலாம். உகர, ஊகார வரிசைகள் அப்படி வசப்படாது. கு, சு, து, மு என ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைகிறது. ‘டி’யும் தனி உருவம். ஆகவே கையால் வரைவதே சுலபம்.

வரையும்போது மேலும் கீழும் இரண்டு கோடு போட்டால் போதாது. ‘கி’, ‘கீ’யின் விசிறி, அதாவது மேல்வளைவு, மேலே ஏறும், ‘மு’, ‘ழு’ கீழே இறங்கும். நான்கு கோடு போட்டுக்கொண்டால் வரிசை குலையாது.

எழுத்து வடிவத்தில் துளை போட்டு, அதன் வழியே நிறம் தீட்டும் ஸ்டென்சிலை அட்டையில் வெட்டுவதாக இருந்தால் சுழிகளைக் கவனியுங்கள். மூன்று சுழி ‘ண’வை அப்படியே வெட்டினால் சுழிகளுக்குள் இருக்கும் அட்டைத் துண்டுகள் கழன்று விழுந்துவிடும். ஒவ்வொரு சுழியிலும் மெல்லிய பட்டை ஒன்றை வெட்டாமல் விட வேண்டும். நிறம் தீட்டி ஸ்டென்சிலை எடுத்த பிறகு அந்த இடைவெளிகளைத் தூரிகையால் நிரப்பிக்கொள்ளலாம்.