நச்சு மண்ணுக்குப் புது வைத்தியம்: அமெரிக்காவின் 'சைட்' திட்டம் எப்படி நடந்தது?

நச்சுக் கழிவு ஊறிய மண்ணைச் சுத்தமாக்கும் இயந்திரம் தன்னிடம் இருப்பதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஆய்வகத்தில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் வெளியில், நிஜமான இடத்தில் ஓட்டிப் பார்த்ததில்லை. இதை நம்பிப் பல ஏக்கர் நிலத்தை ஒப்படைக்க எந்த அதிகாரி துணிவார்? யாரும் ஒப்படைக்காவிட்டால், அது வேலை செய்யுமா என்பதும் கடைசிவரை தெரியாது. இந்த முட்டுக்கட்டையை உடைக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொடங்கியதுதான் 'சைட்' திட்டம்.

அதற்கு முந்தைய கதை கொஞ்சம் தேவை. நியூயார்க் மாநிலத்தில் லவ் கெனால் என்ற பழைய கால்வாயில் ரசாயனக் கழிவைப் புதைத்து மூடியிருந்தார்கள். அதையொட்டிக் குடியிருப்பும் வந்துவிட்டது. கழிவு மேலே கசிய, 1978-இல் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1980-இல், இப்படிப்பட்ட நச்சுக் கழிவு இடங்களைச் சுத்தம் செய்வதற்கான 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் வந்தது. ஆனால் தொடக்க காலத்தில் அதன்கீழ் நடந்த பல சுத்திகரிப்புகள், மண்ணைத் தோண்டி வேறொரு குழியில் கொட்டுவது அல்லது அங்கேயே மூடி வைப்பது என்ற அளவில்தான் இருந்தன. 1986-இல் சட்டத்தைத் திருத்தியபோது, கழிவின் அளவு, நச்சுத்தன்மை, பரவும் தன்மை ஆகியவற்றை நிரந்தரமாகக் குறைக்கும் முறைகளுக்கே முன்னுரிமை என்று எழுதினார்கள். அப்படிப்பட்ட முறைகளைச் சோதிக்கும் வேலையையும் முகமையிடம் கொடுத்தார்கள்.

திட்டத்தில் முக்கியமாக இரண்டு படிகள். ஆய்வக அளவில் இருக்கும் யோசனைகளுக்கு 'வளர்ந்துவரும் நுட்பம்' என்ற பிரிவு. நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இதில் விண்ணப்பிக்க முடிந்தது. ஆண்டுக்கு 1,50,000 டாலர் வரை, அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்கு உதவி கிடைத்தது. அதில் தேறிய நுட்பம் அடுத்த படியான கள விளக்கத்துக்கு, அதாவது நிஜமான இடத்தில் ஓட்டிக் காட்டும் சோதனைக்குப் போக முடிந்தது.

கள விளக்கத்தில்தான் எனக்குப் பிடித்த ஏற்பாடு இருந்தது. இயந்திரத்தைக் கொண்டுவருவது, ஓட்டுவது, திரும்ப எடுத்துப்போவது எல்லாம் நிறுவனத்தின் செலவு. மாதிரி எடுப்பது, பரிசோதிப்பது, அறிக்கை எழுதுவது அரசின் செலவு. ஓட்டுபவர் வேறு, அளப்பவர் வேறு. சரி, முடிவு மோசமாக வந்தால்? அதுவும் அச்சானது.

மாசசூசெட்ஸின் குரோவ்லேண்டில் 1980களின் இறுதியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பட்டறையில் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படுத்திய ட்ரைகுளோரோஎத்திலீன் மண்ணில் இறங்கியிருந்தது. கிணறுகள் போட்டு, வெற்றிடப் பம்பால் மண்ணுக்குள் இருக்கும் ஆவியை உறிஞ்சும் முறையை அங்கே சோதித்தார்கள். 56 நாள் ஓட்டத்தில் சுமார் 590 கிலோ ரசாயனம் வெளியே வந்தது. களிமண்ணில் இது எடுபடாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இறுக்கமான களிமண்ணிலும் பலன் கிடைத்தது. மண்ணின் துளைகளில் போதிய காற்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்று தெரிந்தது. ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லியிருக்க முடியாது.

பென்சில்வேனியாவின் டக்ளஸ்வில்லில், பழைய எண்ணெயை மறுசுத்திகரிப்பு செய்த இடத்தில் 1987-இல் வேறொரு சோதனை. மண்ணைச் சிமெண்டோடு கலந்து கட்டியாக்கும் முறை அது. ஈயம் போன்ற உலோகங்கள் நன்றாகவே கட்டுப்பட்டன. ஆவியாகும் கரிம ரசாயனங்களோ பழையபடியே கசிந்தன. மண்ணின் கன அளவும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. விளம்பரத் தாளில் முதல் பாதி மட்டும்தான் வந்திருக்கும். அரசு அறிக்கையில் இரண்டும் இருக்கின்றன.

மண் கழுவுதல், சூடாக்கி ஆவியாக்குதல், நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைத்தல், மின்சாரத்தால் மண்ணை உருக்கிக் கண்ணாடியாக்குதல் என்று இன்னும் பல முறைகள் இதில் சோதிக்கப்பட்டன. இவற்றில் மண் கழுவுதலைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது நஞ்சை அழிப்பதில்லை. நஞ்சு பெரும்பாலும் நுண்ணிய களிமண், வண்டல் துகள்களில்தான் ஒட்டிக்கொள்ளும். மணலைப் பிரித்தெடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் கொஞ்சத்தை மட்டும் கையாண்டால் போதும். அந்த மிச்சத்துக்கு அப்புறம் வேறொரு சிகிச்சை வேண்டும், அதற்கும் செலவு உண்டு.

அறிக்கைகளில் செலவை இடத் தயாரிப்பு, அனுமதி, இயந்திரம், கூலி, மின்சாரம், மிஞ்சும் கழிவை அகற்றுவது என 12 தலைப்புகளில் பிரித்துக் கணக்கிடுவது வழக்கம். படிக்கிறவர்கள் டன்னுக்கு எவ்வளவு என்ற மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு நகரக் கூடாது. மிஞ்சும் கழிவுக்கான செலவைச் சேர்த்திருக்கிறார்களா, விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். விட்டிருந்தால் அந்தத் தொகை பாதிக் கணக்குதான். அதோடு, ஓர் இடத்தில் வென்ற முறை அடுத்த இடத்துக்குத் தானாகப் பொருந்திவிடாது. மண்ணும் ரசாயனக் கலவையும் மாறும். அங்கிருக்கும் மண்ணை எடுத்துச் சிறிய அளவில் முதலில் சோதித்தாக வேண்டும்.

திட்டம் இப்போது புது விண்ணப்பங்கள் வாங்குவதில்லை. அறிக்கைகள் முகமையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நுட்பத்தின் பெயரையோ சோதனை நடந்த ஊரின் பெயரையோ போட்டுத் தேடலாம்.